பிள்ளையின் மனநலம், நடத்தை பற்றிப் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. ஓரிடத்தில் உருவான கேள்வித்தாள் வேறு நாட்டிலும் அதே விஷயத்தை, அதே அளவுகோலில் அளக்கிறதா என்பதைத்தான் ‘பண்பாடு கடந்த ஏற்புடைமை’ என்கிறார்கள்.

பிரிட்டனில் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் உருவாக்கிய எஸ்.டி.க்யூ. (பலங்கள், சிரமங்கள் பற்றிய கேள்வித்தாள்) தாளைப் பாருங்கள். 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தன் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும் என்று பெற்றோர் குறிக்க வேண்டும். அதில் 20 வாக்கியங்கள் சிரமங்களைப் பற்றியவை. அவற்றுக்கு மொத்தம் 40 மதிப்பெண். 17ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை. சரி, அந்த 17 யாரை வைத்துப் போட்ட கோடு? பிரிட்டிஷ் குழந்தைகளை வைத்து.

தாள் குழந்தையை நேராகப் பார்ப்பதில்லை, பெற்றோரின் கண் வழியாகப் பார்க்கிறது. ஒரே குழம்பைக் குண்டூர்க்காரர் ‘காரமே இல்லை’ என்பார், இன்னொருவர் தண்ணீர் கேட்பார். ‘அடிக்கடி கோபம் வரும்’ என்பதில் உள்ள ‘அடிக்கடி’யும் அப்படித்தான்.

உளவியலாளர் ஜான் வைஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நடத்தைச் சிக்கல் உள்ள கற்பனைக் குழந்தைகளைப் பற்றிய ஒரே விவரிப்பைத் தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் படிக்கக் கொடுத்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் அமெரிக்கர்களைவிடக் குறைவாகக் கவலைப்பட்டார்கள். போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். இத்தனைக்கும் குழந்தை ஒன்றுதான்! அதனால்தான் உள்ளூர்க் குழந்தைகளை வைத்து வெட்டுப்புள்ளியை, அதாவது அந்த 17 போன்ற கோட்டை, புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது.

ஒன்றைப் பலரும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்: மதிப்பெண் கோட்டைத் தாண்டினால் குழந்தைக்கு நோய் என்று அர்த்தமில்லை, நிபுணர் ஒருமுறை பார்க்கட்டும் என்பதற்கான குறிப்பு மட்டுமே அது.