ரகசியச் சங்கத்தின் பழைய கட்டடம் இன்று சொகுசு விடுதி: அங்கே தங்கலாமா? மதுரைப் பக்கம் அப்படி ஏதாவது உண்டா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறார். ரகசியச் சங்கங்கள் கூடிய பழைய கட்டடங்களை அலங்கார விடுதிகளாக மாற்றுகிறார்களே, அவ்வளவு பணம் கொடுத்து அங்கே தங்குவது தகுமா என்பது ஒன்று. மதுரை வட்டாரத்தில் அதைப் போல ஏதாவது இருக்கிறதா என்பது மற்றொன்று.

தகும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கம் யாரையும் விடாமல் பூட்டி வைத்திருந்த அறையை விடுதி இன்று யாருக்குத் திறந்துவிடுகிறது? மண்டை ஓட்டுப் படமும் கறுப்புத் திரையும் மங்கல் விளக்குமாக 'மர்மம்' ஜோடித்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய அறையைப் பழையபடியே காப்பாற்றி, தங்காதவரையும் உள்ளே விட்டு, அதன் வரலாற்றை மறைக்காமல் சொல்கிறார்கள் என்றால் அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் எந்த விடுதிக்குப் போனாலும் மெத்தையைப் பார்ப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பேன்.

லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தை ஒட்டி 1884இல் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் திறக்கப்பட்டது. 2007இல் அது அந்தாஸ் என்ற பெயருக்கு மாறியது. அந்தக் கட்டடத்துக்குள் 1912இல் பிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்துக்காகக் கிரேக்கப் பாணியில் ஒரு கூடம் கட்டினார்கள். 1990களில் விடுதியைப் புதுப்பித்தபோது அது ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்து கிடந்தது தெரிய வந்ததாகச் சொல்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். வெளியே அளந்த நீளமும் உள்ளே அளந்த நீளமும் ஒத்துவராவிட்டால், நடுவில் ஏதோ அடைபட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

அந்தக் கூடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் திருவிழா நாளில், "மாமா, நீங்கள் இதைப் பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது" என்று அழைத்துப் போனான். விடுதியின் சாதாரண நடைவழியில் நடந்து ஒரு கதவைத் தாண்டினால், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பளிங்குத் தரை. சுவரெங்கும் இத்தாலியிலிருந்து வந்த பல நிறப் பளிங்கு. சங்கத் தலைவர் உட்காரும் சிம்மாசனம் போன்ற மரநாற்காலி. அண்ணாந்து பார்த்தால் பொன்பூச்சில் சூரியக் கதிர், அதைச் சுற்றிப் பன்னிரண்டு ராசிகள். விடுதிக்காரர்கள் இவற்றில் எதையும் 'மேம்படுத்தாமல்' விட்டிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. இன்று அங்கே விருந்துகளும் விழாக்களும் நடக்கின்றன. பளிங்கின் மேல் கை வைத்தேன், குளிர்ந்தது. அப்போதுதான் இது ஒட்டுக் காகிதம் இல்லை, உண்மையான கல் என்று மனம் ஒப்புக்கொண்டது. விடுதிகளில் அலங்காரம் என்ற பெயரில் வரும் பொய்ப் பளிங்கைத் தொட்டுத் தொட்டு என் கைக்கு அந்தச் சந்தேகம் பழகிவிட்டது.

பிரீமேசன் சங்கம் பற்றி நம் ஊரில் உலவும் கதைகளுக்கு அளவில்லை. நரபலி என்பார்கள், பேய் பூஜை என்பார்கள். 1717இல் லண்டனில் நான்கு குழுக்கள் சேர்ந்து தலைமைச் சங்கம் ஒன்றை அமைத்தன என்பதிலிருந்து அதன் வரலாறு தெளிவாகவே கிடைக்கிறது. பழைய கல் கொத்தர்களின் தொழில் வழக்கங்களையும் கருவிகளையும் ஒழுக்கத்தின் அடையாளங்களாக எடுத்துக்கொண்ட கனவான்களின் சங்கம் அது. மூலைமட்டமும் கவராயமும் அவர்களுடைய சின்னம். தூக்குக்குண்டும் அவர்களுக்கு ஓர் அடையாளம். நேர்மையாக நட, வரம்புக்குள் நில் என்று இவற்றை வைத்துப் பாடம் சொல்வார்கள். என்னோடு வேலை செய்யும் கொத்தனாரின் சாக்குப் பைக்குள் இதே கருவிகள்தான் சுண்ணாம்பு அப்பிக் கிடக்கின்றன. அந்தக் கருவிகளை உயிர்ப்பிழைப்புக்காகப் பிடித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பளிங்குக் கூடத்தில் உறுப்பினராக உட்கார்ந்திருக்க முடியும் என்று நான் அங்கேயே நினைத்தேன்.

அமெரிக்காவில் இன்னொன்று இருக்கிறது. சிகாகோவின் இன்டர்கான்டினென்டல் விடுதி 1929இல் மெதினா அத்லெடிக் கிளப்பாகத் திறக்கப்பட்டது. பிரீமேசன்களாக இருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட ஷ்ரைனர் சங்கத்தின் கிளப் அது. வெளிச்சுவரில் எகிப்திய, அசீரியச் சிற்பப் பட்டைகள், உள்ளே சிங்கங்களின் கூடம், பதினான்காவது மாடியில் ஸ்பெயின் ஓடுகள் பதித்த நீச்சல் குளம். பிற்பாடு டார்ஜானாக நடித்த ஜானி வைஸ்முல்லர் அந்தக் குளத்தில்தான் பயிற்சி செய்தார். கிளப் திறந்த அதே ஆண்டு பங்குச் சந்தை சரிந்தது. சில ஆண்டுகளில் கிளப் கட்டடத்தை இழந்தது. அவ்வளவு உயரத்தில் அத்தனை தண்ணீரின் பாரத்தைத் தாங்கும்படி அந்தக் காலத்தில் கட்டினார்களே என்ற ஒன்றுக்காகவே அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் நாட்டுக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சியில் பிரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். விவேகானந்தர் 1884இல் கல்கத்தாவில் சேர்ந்தார். சென்னை எழும்பூரில் இருக்கும் பிரீமேசன்ஸ் ஹால் 1925இல் திறக்கப்பட்டது. அது இன்றும் சங்கத்தின் கூடமாகவே இருக்கிறது, விடுதி அல்ல.

மதுரையில் ரகசியச் சங்கம் விட்டுப்போன சொகுசு விடுதி கிடையாது. தென்மாவட்டங்களில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து, உண்மையிலேயே உயிரைப் பணயம் வைத்து ரகசியச் சங்கம் நடத்தியவர்கள் நீலகண்ட பிரம்மச்சாரியும் அவருடைய கூட்டாளிகளும்தான். காளி படத்துக்கு முன் குங்குமம் கரைத்த நீர் அருந்தி உறுதிமொழி எடுத்தார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிடிபட்டால் சிறை என்று வீடுகளில் மறைவாகக் கூடியவர்களுக்குப் பளிங்குக் கூடம் ஏது? அவர்களுடைய ரகசியம் எந்த விடுதிக்கும் அலங்காரமாகாமல் போனதில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் கதவடைத்த இடங்கள் இங்கே நிறைய உண்டு. மீனாட்சியம்மன் கோயில் வாசலே பலருக்கு அடைபட்டுத்தான் இருந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அந்த வாசல் திறந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதில் யாரை நிறுத்தி வைத்தார்கள் என்ற கேள்வி முதலில் வரும். உங்கள் கேள்விக்கு நான் இப்படிப் பதில் எழுதுவதும் அதனால்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், நீங்கள் கேட்டதற்கு மிக நெருக்கமானது கோச்சடையில் இருக்கும் ஹெரிடேஜ் மதுரை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் ஆலை நிர்வாகிகளுக்காக வடிவமைத்த மதுரா கிளப்தான் இன்று அந்த விடுதியின் மையம். பாவா இங்கே ஆடம்பரப் பொருள் எதையும் தேடிப் போகவில்லை. இந்த மண்ணின் கருங்கல்லை எடுத்தார், வெயிலுக்கு ஏற்ற தாழ்வாரம் வைத்தார், காற்றுக்கு வழி விட்டார். சித்திரை வெயிலில் போய் நின்று பாருங்கள், அவர் என்ன செய்திருக்கிறார் என்பது உடம்புக்கே தெரியும்.

என் அப்பா ஒரு நூற்பாலையில் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தவர். கிளப் என்றால் அதிகாரிகளுக்கு என்பது அவர் காலத்து வழக்கம். அவரை அங்கே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். சாப்பாடு வருவதற்குள் எழுந்து போய்க் கருங்கல்லில் உளி பட்ட தடங்களை விரலால் தடவிக்கொண்டே நின்றார். "யார் கட்டினார் என்று ஒருவர் பெயரைச் சொல்கிறாயே, கொத்தினவன் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எழுதியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கையில் இன்னும் ஒரு நாள் இருந்தால் செட்டிநாட்டுப் பக்கம் போங்கள். கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் இரண்டும் நகரத்தார் வீடுகளாக இருந்து விடுதியானவை. அந்த வட்டாரத்து வீடுகள் ஒரே ஒழுங்கில் இருக்கும். வெளியாள் முகப்போடு நின்றுவிடுவார், உறவினர் வளவு என்ற உள்முற்றம் வரை வருவார், பெண்களின் உலகம் பின்கட்டுகளில். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை இருந்தால் குனிந்து பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது அது. சூளையில் சுடுவதே இல்லை. கால் பட்டுப் பட்டு மெருகேறும் தரை என்பதால், அதிகம் பளபளக்கும் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டார் தினமும் நடந்த வழி தெரியும். பெரும்பாலும் அது அடுப்படிக்குத்தான் போகும்.

தங்க வசதி இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். இப்படிப்பட்ட விடுதிகளில் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போய்க் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். செட்டிநாட்டு வீட்டில் பின்கட்டையும் காட்டச் சொல்லுங்கள், கேட்டால்தான் காட்டுவார்கள். லண்டன் போகிறவர்கள் செப்டம்பரில் நடக்கும் ஓப்பன் ஹவுஸ் திருவிழாவின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.