டாக்டர் பதில்கள்: கண்ணுக்குழிக்கு அளவெடுத்த டைட்டானியம் பிளேட்

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 24 வயசு. ஃபுட்பால் ஆடும்போது எதிர் டீம் பையனோட முழங்கை கண்ணுல இடிச்சிருச்சு. வீக்கம் வத்துனப்புறம் பாத்தா கண்ணு உள்ள போயிருக்கு, மேல பாத்தா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்றான். அளவெடுத்து டைட்டானியம் பிளேட் செஞ்சு வைக்கணுமாம், ரெடிமேட விட செலவு ஜாஸ்தியாம். கண்ணுக்குள்ள இரும்பு வெச்சா துருப்பிடிக்கும், எம்ஆர்ஐ எடுக்கவே முடியாதுன்னு எங்க மாமா வேற பயமுறுத்துறாரு. வெச்சே ஆகணுமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: மொதல்ல மாமாவ சமாதானப்படுத்திடலாம்மா. பிளேட் கண்ணுக்குள்ள போகாது, கண்ணு உக்காந்திருக்கிற எலும்புக் குழி இருக்கே, அதுல உடைஞ்ச சுவர் மேல தான் வைப்பாங்க. டைட்டானியம் துருப்பிடிக்காது, காந்தம் இழுக்காது, எம்ஆர்ஐ பொதுவா எடுக்கலாம், முன்னாடியே பிளேட் இருக்குன்னு சொல்லிடணும் அவ்ளோதான்.

அந்தக் குழிக்கு ஓரம் கெட்டி, ஆனா கீழ்த்தளமும் மூக்குப் பக்கத்து சுவரும் அப்பளம் மாதிரி, பல எடத்துல அரை மில்லிமீட்டர் கூட தேறாது. தளம் உடைஞ்சா கண்ண சுத்தி இருக்கிற கொழுப்பும் தசையும் கீழ சைனஸுக்குள்ள, அதாவது கன்ன எலும்புக்குள்ள இருக்கிற காத்தறைக்குள்ள எறங்கிடும். குழியோட மொத்த கொள்ளளவே சுமார் 30 மில்லி தான், அதுல ரெண்டு மூணு மில்லி கூடினாலே கண்ணு உள்ள போனது பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிரும்.

அளவெடுக்கிறதுன்னா, மெல்லிசு மெல்லிசா ஸ்லைஸ் போட்ட மாதிரி சிடி ஸ்கேன் எடுத்து, நல்லா இருக்கிற பக்கத்து குழிய கம்ப்யூட்டர்ல இடவலமா திருப்பிப் போட்டு, உடைஞ்ச பக்கம் எப்படி இருந்திருக்கும்னு கணக்குப் போட்டு, அதே வளைவுல டைட்டானியம் பவுடர லேசர்ல உருக்கி லேயர் லேயரா பிரிண்ட் பண்ணுவாங்க. ரெடிமேட்ல வர்ற வலை மாதிரி பிளேட்ட பெரும்பாலும் ஆபரேஷன் நடக்கும்போதே கையால வளைக்கணும். குழியோட பின்பக்கம், பார்வை நரம்புக்கு கிட்ட, அந்த வளைவு சரியா வர்றது தான் பெரிய கஷ்டம்.

ஆனா எல்லாருக்கும் இது தேவையில்ல. ஒரே சுவர்ல சின்ன ஓட்டைன்னா ரெடிமேடே போதும், சிலருக்கு ஆபரேஷனே வேணாம். உங்க டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, கீழ்த்தளம், மூக்குப் பக்கத்து சுவர் ரெண்டுமே போயிருச்சா, பின்னாடி பிளேட்ட தாங்க எலும்பு மிச்சம் இருக்கான்னு. ரெண்டும் போயி பின்னாடி தாங்க எலும்பும் இல்லன்னா, செலவானாலும் அளவெடுத்தது தான் நல்லது. காப்பீட்டு கார்டுல வருமான்னும் கேட்டுக்கோங்க. ஸ்டான்லிலயோ எழும்பூர் கண் ஆஸ்பத்திரிலயோ இன்னொரு தடவ காட்டுறதுல தப்பே இல்ல. ரெட்டையா தெரியுறது ஆபரேஷன் ஆன மறுநாளே போயிரும்னு நெனைக்காதீங்க, மாசக்கணக்குல கூட ஆகலாம், சிலருக்கு கொஞ்சம் மிச்சமும் இருக்கும். டாக்டர் சொல்ற வரைக்கும் தம்பி மூக்க மட்டும் பலமா சிந்தக் கூடாது, காத்து கண்ணுக்குழிக்குள்ள ஏறிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு கண்ணுல அடிபட்டப்போ வீக்கம் வத்தட்டும், ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணிக்கலாம்னாங்க. அண்ணன் பையனுக்கு 9 வயசு, கண்ணு வெளிய நல்லாதான் இருந்துச்சு, அவனுக்கு மட்டும் உடனே ஆபரேஷன்னு அவசரப்படுத்துனாங்களே, ஏன்?
- வாசகி, காசிமேடு

பதில்: சின்னப் பசங்க எலும்பு வளைஞ்சு கொடுத்து விரிசல் விட்டு, திரும்ப மூடிக்கும்மா, நடுவுல கண்ணுத் தசை மாட்டிக்கும். ரத்த ஓட்டம் நின்னு போயி தசை செத்துடும், அதான் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள விடுவிக்கணும்னு அவசரப்படுறாங்க. வீக்கம், சிவப்பு எதுவும் பெருசா இருக்காது, வாந்தி மட்டும் வரும், பையனால மேல பாக்க முடியாது. வெறும் வயித்துப் பிரச்சனைன்னு நெனச்சு வீட்டுலயே வெச்சிருக்கிறவங்க நெறைய பேரு.