எல்லா வளமும் தீரப்போகுதாம், 12 லட்சத்த எதுல போடுறது?

கேள்வி: அண்ணே வணக்கம். மண்டபம் பக்கத்துல ஒரு கடற்கரை கிராமத்துலருந்து எழுதுறேன், வயசு 37. வீட்டுக்காரர் சொந்த வள்ளத்துல தொழிலுக்கு போறாரு, நான் மாசத்துல பன்னெண்டு நாள் தென்கடல்ல கடல்பாசி எடுக்கப் போறேன். மகன் எட்டாவது படிக்கிறான், மகளுக்கு 8 வயசு. முதுகுளத்தூர் பக்கம் எங்க அய்யாவோட கருவக்காட்ட வித்ததுல என் பங்கா 12 லட்சம் வந்துருக்கு. நகை 1,80,000 ரூபாய்க்கு அடகுல கெடக்கு, மாசம் ஒன்றரை வட்டி. வீட்டுச் செலவு மாசம் 18,000. வீட்டுக்காரர் இன்னொரு வள்ளம் எடுப்போம்ங்குறாரு, மீன் குறைய குறைய விலை ஏறத்தான செய்யும்ங்குறது அவரு கணக்கு. துபாய்ல இருக்க தம்பி, உலகத்துல எல்லாமே தீரப்போகுது, லித்தியம் தாமிரம் வெள்ளி இதுல போட்டா பத்து வருஷத்துல பத்து மடங்குன்னு தெனம் வீடியோ அனுப்புறான். எனக்கு ரெண்டுமே பயமா இருக்கு. என்ன செய்யட்டும்ணே?

பதில்: தங்கச்சி, உங்க வீட்டுக்காரரும் தம்பியும் சொல்றது வேற வேற மாதிரி தெரியும், ஆனா ரெண்டு பேரும் ஒரே கணக்குதான் போடுறாங்க. ஒரு பொருள் குறைஞ்சா விலை ஏறும், அத கையில வச்சிருக்கவன் சம்பாதிப்பான், இதான அந்தக் கணக்கு. இதுல பாதி உண்மை, மீதி பாதியிலதான் நெறைய குடும்பம் கவுந்துருக்கு, எங்க குடும்பமும் சேத்துத்தான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

வளம் குறையுதுங்குறது பொய் இல்ல. ஆனா அது நம்ம வீட்டுக்கு லாபமா வர்றதுக்கு முன்னாடி செலவாத்தான் வந்து நிக்கும், அத முதல்ல பாத்துக்கங்க. 2022ல உக்ரைன்ல சண்டை ஆரம்பிச்சுச்சு, சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்னுச்சு, அந்த நேரம் பாத்து இந்தோனேசியா ஏப்ரல் 28ல பாமாயில் ஏத்துமதிய நிப்பாட்டிருச்சு, மூணு நாலு வாரம்தான் நிப்பாட்டுனாங்க, அதுக்கே நம்ம ஊரு மளிகைக் கடையில பாக்கெட் எண்ணெய் விலை எங்க போச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். டீசலும் அப்பிடித்தான், இந்தியா எரிக்கிற கச்சா எண்ணெயில நூத்துக்கு 85க்கு மேல வெளிநாட்டுலருந்து வருது, அரபு நாட்டுல ஒரு இருமல் வந்தா நம்ம படகுத்துறையில காய்ச்சல் அடிக்கும். அதனால உலகத்துல எது குறைஞ்சாலும் வள்ளம் வச்சிருக்கவருக்கு முதல்ல ஏறுறது செலவு, மீன் விலை ஏறுறது அதுக்கப்புறம்தான், அதுவும் ஏறுனா உண்டு.

இப்ப தம்பி விஷயத்துக்கு வர்றேன். 1980ல பால் எர்லிக்னு ஒரு உயிரியல் பேராசிரியர், ஜூலியன் சைமன்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், ரெண்டு பேரும் அமெரிக்கால பந்தயம் கட்டுனாங்க. தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன்னு அஞ்சு உலோகம், மொத்தம் 1000 டாலர் மதிப்பு. ஜனத்தொகை ஏறுது, பூமியில இருக்கது தீருது, பத்து வருஷத்துல விலை கண்டிப்பா ஏறும்னாரு எர்லிக். அந்தப் பத்து வருஷத்துல உலக ஜனத்தொகை 80 கோடி கூடுச்சு, ஆனா விலைவாசிய கழிச்சுப் பாத்தா அஞ்சு உலோகமும் சேந்து இறங்கியிருந்துச்சு, 1990 அக்டோபர்ல எர்லிக் அந்த வித்தியாசம் 576 டாலருக்கு செக் எழுதி அனுப்புனாரு. நியாயமா ஒன்னு சொல்லணும், வேற ஒரு பத்து வருஷத்த எடுத்திருந்தா எர்லிக் ஜெயிச்சிருப்பாரு. அதத்தான் நானும் சொல்றேன், எந்தப் பத்து வருஷம்னு எவனுக்கும் தெரியாது, வீடியோ போடுறவனுக்கும் தெரியாது.

அவன் சொல்ற லித்தியத்தையே எடுத்துக்கங்க. 2022 நவம்பர்ல சீனாவுல டன்னுக்கு கிட்டத்தட்ட 6 லட்சம் யுவான் போச்சு, எல்லாரும் வெள்ளைத் தங்கம்னு பேசுனாங்க, அடுத்த வருஷம் முடியிறப்ப 1 லட்சம் யுவான் பக்கம் வந்து நின்னுச்சு. லித்தியம் தேவை குறைஞ்சா விழுந்துச்சு? இல்ல, கார் வித்துக்கிட்டேதான் இருந்துச்சு. விலை ஏறுனதப் பாத்து ஊரெல்லாம் சுரங்கம் தோண்டிட்டான், அம்புட்டுதான் காரணம். கச்சா எண்ணெயும் 2008 ஜூலையில பீப்பாய் 147 டாலர் போனது, அதே டிசம்பர்ல 40க்கு கீழ வந்துச்சு. விலை ஏறும்போதே அத இறக்குற வேலையும் ஆரம்பிச்சிரும், புதுசா தோண்டுவான், மாத்துப் பொருள் கண்டுபிடிப்பான், சிக்கனமா பயன்படுத்துவான். நடுவுல மாட்டுறது, உச்சத்துல இருக்கப்ப வீடியோ பாத்து வாங்குனவங்கதான். பத்து மடங்குன்னு உத்தரவாதம் குடுக்குறவன் யாரா இருந்தாலும் பங்குச்சந்தையக் கண்காணிக்கிற செபியோட பதிவு நம்பரக் கேளுங்க, பதில் வராது.

இந்தக் கதை நம்ம கடலுக்குப் புதுசு இல்ல. மன்னார் வளைகுடா முத்துக்கு உலகம் பூரா பேரு, ஜப்பான்காரன் முத்த வளக்கக் கத்துக்கிட்டான், குவைத் பஹ்ரைன்ல முத்துக் குளிச்ச ஊரெல்லாம் படுத்துருச்சு, நம்ம பக்கமும் 1961க்கு அப்புறம் பெருசா முத்துக்குளிப்பு இல்ல. முத்து தீந்துச்சுன்னு யாரும் பணக்காரன் ஆகல.

எங்க அப்பா கீழக்கரைப் பக்கம் சங்கு குளிச்ச மனுஷன். நல்லா ஓடுன காலத்துல கையில காசு நின்னுச்சு, அத எல்லாத்தையும் திரும்பக் கடல்லயே போட்டாரு, ஒரு வள்ளம், அப்புறம் பங்குக்கு இன்னொன்னு, அப்புறம் அட்டை யாவாரம். கடல் அட்டை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, விலை ஏறிக்கிட்டே போச்சு, அப்பாவுக்கு சந்தோஷம், 2001ல அரசாங்கம் அட்டையப் பாதுகாக்கப்பட்ட உயிரினம்னு தடை போட்டுருச்சு, ஒரே ராத்திரியில யாவாரம் முடிஞ்சுச்சு. தடை போட்டது தப்புன்னு நான் சொல்லமாட்டேன், போடாம இருந்தா அட்டையே இருந்திருக்காது. ஆனா எங்க வீட்டுல சோறு, கடன், கல்யாணம் எல்லாமே ஒரே கடல நம்பி நின்னுச்சு, அது ஒரு பக்கம் சாய்ஞ்சதும் எல்லாம் சேந்து சாய்ஞ்சுருச்சு. காசுக்கு யோசனை சொல்ற இந்த வேலைக்கு நான் வந்ததே அதனாலதான்.

அதனால ரெண்டாவது வள்ளம் வேணாம்னு நான் சொல்றது உங்க வீட்டுக்காரர் திறமைய குறைச்சு இல்ல. கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துனு ஒரு தீவு, காட் மீனுக்குப் பேர்போன கடல், 1968ல மட்டும் 8 லட்சம் டன் அள்ளுனாங்க. மீன்பாடு குறைய ஆரம்பிச்சதும் இன்னும் பெரிய கப்பல், இன்னும் நல்ல கருவின்னு காசக் கொட்டுனாங்க, 1992 ஜூலை 2ல மொத்தமா தடை, சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு, அந்தத் தடைய எடுக்க 2024 ஆச்சு, முப்பத்திரண்டு வருஷம். மீன் குறையுற கடல்ல கிலோ விலை ஏறும், ஆனா ஒரு தடவை போய்வந்தா கிடைக்கிற கிலோ அதவிட வேகமா இறங்கும், டீசல் கூலி ஐஸ் எதுவும் இறங்காது. உங்க வீட்டுல இப்பவே அவரு வருமானம், உங்க பாசி வருமானம், இருக்க வள்ளம், எல்லாம் கடல்தான். இன்னும் ஆறேழு லட்சத்த அதே தண்ணியில எறக்குனா ஒரு கச்சான் காத்துக்கோ ஒரு புயலுக்கோ குடும்பம் தாங்காது.

நவ்ருன்னு பசிபிக் கடல்ல ஒரு குட்டித் தீவு, உரத்துக்குப் போடுற பாஸ்பேட் தோண்டி வித்து 1970கள்ல உலகத்துலயே பெரிய பணக்கார நாடுகள்ல ஒன்னா இருந்துச்சு. வந்த காசுல மெல்போர்ன்ல 52 மாடிக் கட்டடம் கட்டுனாங்க, கண்ட கண்ட இடத்துல போட்டாங்க, பாஸ்பேட் தீர்றதுக்குள்ள காசு தீந்துருச்சு, 2004ல அந்தக் கட்டடத்தையும் கடனுக்காக வித்தாங்க. நார்வேக்கு 1969ல கடல்ல எண்ணெய் கெடச்சுச்சு, 1990ல சட்டம் போட்டு, 1996லருந்து எண்ணெய்க் காச ஒரு நிதியில சேத்தாங்க. அந்த நிதிய நார்வேக்குள்ள போடுறதே இல்ல, முழுக்க வெளிநாட்டுலதான், வருஷம் 3 சதவீதம் மாதிரிதான் செலவுக்கு எடுக்குறது. நீங்க மாசத்துல பன்னெண்டு நாள்தான் பாசிக்கு போறேன்னு எழுதியிருந்தீங்கள்ல, அதப் படிச்சதும் எனக்கு நெஞ்சு நெறஞ்சுச்சு தங்கச்சி, பாசி மறுபடி மொளைக்கட்டும்னு அடிவேர விட்டுட்டு வர்ற அதே புத்திதான் அந்த நாட்டுக்காரன் காசுல செஞ்சது. உங்க அய்யா நெலம் திரும்ப மொளைக்காது, அதனால அதோட காசுக்கு வேரு நாமதான் வச்சுக் குடுக்கணும்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் வேலை அடகு நகை. மாசம் ஒன்றரைன்னா வருஷத்துக்கு 18 சதவீதம், 1,80,000க்கு 32,400 ரூபாய் வட்டி, இத அடைக்கிறதவிட நிச்சயமான லாபம் உலகத்துல எந்தச் சுரங்கத்துலயும் இல்ல. பாக்கி வட்டியோட 2 லட்சம் வரும்னு வைப்போம், மீதி 10 லட்சம். நகை கைக்கு வந்துரும்ல, அதான் உங்க தங்க முதலீடு, புதுசா தங்கம் வெள்ளி வேணாம்.

அடுத்து ஆறு மாசச் செலவு, 1,10,000 ரூபாய், பேங்க்ல தனி எஃப்டியா, உங்க பேர்ல. காத்து நாள், புயல் சின்னம், இஞ்சின் ரிப்பேர், யாருக்காவது ஆஸ்பத்திரி, இதுக்குத்தான் இது, வேற எதுக்கும் தொடக்கூடாது. கடல்ல தொழில் பாக்குற குடும்பத்துக்கு மூணு மாசம் பத்தாது, நான் ஆறுன்னுதான் சொல்லுவேன்.

வீட்டுக்காரருக்கு 70,000 குடுங்க, இருக்க வள்ளத்துக்கு. இஞ்சின சரி பண்ணட்டும், வலை மாத்தட்டும், நல்ல ஐஸ் பெட்டி ஒன்னு, லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும். அதிகமா மீன் பிடிக்கிறதுக்கு இல்ல இது, பிடிச்ச மீனு ஏலத்துல நல்ல விலை போறதுக்கு. கமிஷன் கடையில அட்வான்ஸ் வாங்கியிருந்தா அதையும் இதுக்குள்ள முடிச்சு விடுங்க, அட்வான்ஸ் இருக்க வரைக்கும் கமிஷன் கடைக்காரர் சொல்றதுதான் விலை. அப்புறமா கைமாத்து வேணும்னா மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு, சரியா கட்டுனா 4 சதவீத வட்டிதான் விழும், மீன்துறை ஆபீஸ்லயும் உங்க பேங்க்லயும் கேளுங்க.

மகளுக்கு 10 வயசு ஆகுறதுக்குள்ள செல்வமகள் கணக்கு தொடங்கிருங்க, போஸ்ட் ஆபீஸ்ல. 2024 ஜனவரியில வட்டிய 8.2 சதவீதம் ஆக்குனாங்க, மூணு மாசத்துக்கு ஒருக்க மாறலாம், போறப்ப கேட்டுக்கங்க. 3 லட்சத்த அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு வருஷம் 60,000 கட்டுங்க, இந்த வருஷத்துது போக மீதிய ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு தனித்தனி எஃப்டியா போட்டு வச்சா அது அது முதிர முதிர எடுத்துக் கட்டிறலாம். அதுக்கப்புறம் வருஷம் 250 ரூபாயாவது கட்டி உயிரோட வைக்கணும். 18 வயசுல படிப்புக்கு பாதி வரைக்கும் எடுக்கலாம். மகன் காலேஜுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம்தான் இருக்கு, அவனுக்கு 2 லட்சம் எஃப்டி மட்டும், பங்குச்சந்தைப் பக்கமே போகக்கூடாது. எல்லா எஃப்டியையும் ஒரே பேங்க்ல போடாதீங்க, ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைக்கும்தான் இன்சூரன்ஸ்.

இப்ப மிச்சம் 3,20,000. இதுல 3 லட்சத்த பேங்க்ல வச்சு, மாசம் 10,000 வீதம் முப்பது மாசத்துக்கு பெரிய ஐம்பது கம்பெனிப் பங்க மொத்தமா வாங்குற நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுக்கு எஸ்ஐபியா, அதாவது மாசாமாசம் தவணையா, அனுப்புங்க. இதான் உங்க நார்வே காசு. பேங்க், சாஃப்ட்வேர், மருந்து, சிமெண்ட், கார்னு ஐம்பது கம்பெனி, உங்க கடல் காஞ்சாலும் அவங்க தொழில் அன்னைக்கே நிக்காது, தம்பி ஆசைப்படுற உலோகக் கம்பெனியும் அதுக்குள்ள அளவாத்தான் இருக்கும். ஆனா இது இறங்கும், 2020 ஜனவரியிலருந்து மார்ச்சுக்குள்ள மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்துச்சு, அப்பிடி விழுறப்ப எடுக்கமாட்டேன், பத்து வருஷம் தொடமாட்டேன்னு மனசுல உறுதி இருந்தா மட்டும் போடுங்க. இல்லைன்னா எஃப்டியே போதும், அதுல குத்தம் ஒன்னும் இல்ல.

கடைசி 20,000 கைச்செலவுக்கும் இன்சூரன்ஸுக்கும். வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, ரெண்டு பேருக்கும் பேங்க்லயே எழுதிக் குடுங்க. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டுல உயிர் போனா 5 லட்சம் உண்டு, நீங்க பிரீமியம் கட்ட வேண்டியதில்ல, உங்க வீட்டுக்காரர் பேரு சேந்துருக்கான்னு சொசைட்டியில பாத்துருங்க. நெலம் வித்த காசுக்கு வரி உண்டா இல்லையாங்குறது அந்த நெலம் எங்க இருக்கு, எந்த வகைங்குறதப் பொறுத்தது, பத்திர நகலோட ஒரு ஆடிட்டர்ட்ட காட்டிருங்க, இத தள்ளிப்போடாதீங்க.

தம்பிக்கு ஆசை தீரலன்னா அவன் சம்பளத்துல அவன் வாங்கட்டும், உங்க காசுல வேணாம்னு நேராவே சொல்லிருங்க. வீட்டுக்காரர்ட்ட மட்டும் வேற மாதிரி பேசுங்க, வள்ளம் வேணாம்னு ஆரம்பிக்காதீங்க. போன வருஷம் இதே மாசத்துல எத்தன நாள் கடலுக்குப் போனாரு, டீசல் எவ்வளவு, ஏலத்துல என்ன வந்துச்சு, கையில என்ன நின்னுச்சுன்னு ஒரு நோட்டுல ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க, மூணு வருஷத்துக்கு எழுத முடிஞ்சா இன்னும் நல்லது. எழுதி முடிச்சுட்டு அந்தப் பக்கத்த எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க. அதுல ரெண்டாவது வள்ளத்துக்கு இடம் இருக்குன்னு தெரிஞ்சா நான் என் பேச்ச மாத்திக்கிறேன். நகைய மட்டும் இந்த வாரமே மீட்டுருங்க.