லாரிக்கு கிரவுன் பினியன் மாற்றினால் டீசல் மிச்சமாகுமா?

கிரவுன் பினியன் என்பது பின் அச்சில் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி; சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் அதன் விகிதம். 6.83 விகிதத்தைக் கழற்றிவிட்டு 5.29 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரை–தூத்துக்குடி ரோடு மட்டும்தான் ஓட்டம் என்றால் தாராளமாகப் போடலாம், குமுளி மலை ரோட்டிலும் லோடு ஏற்றுவீர்கள் என்றால் யோசியுங்கள்.

10.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் ஓடும், அப்படியென்றால் 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 312 சுற்று. டாப் கியர் 1:1 (இன்ஜின் சுற்று கியர்பாக்ஸில் மாறாமல் அப்படியே போகிறது) என்று வைத்துக்கொண்டால் 6.83-இல் இன்ஜின் 2,130 ஆர்.பி.எம்.மில் கதறும், 5.29-இல் 1,650-இல் நிதானமாக ஓடும். லாரி டீசல் இன்ஜின் பெரும்பாலும் நன்றாக இழுப்பதும் குறைவாகக் குடிப்பதும் இந்த 1,650 பக்கம்தான்.

ஆனால் எல்லா கியரிலும் இழுவை கிட்டத்தட்ட 23 சதவீதம் குறையும். லோயர் கேம்ப் தாண்டி கொண்டை ஊசி வளைவில் ஃபுல் லோடோடு நின்று கிளம்பிப் பாருங்கள், கிளட்ச் கருகுகிற வாடை கேபினுக்குள் வரும்.

அப்புறம், ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வந்தால் 60-இல் போகும்போது 46 என்றுதான் காட்டும், கிலோமீட்டரும் குறைவாகவே ஏறும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் பல்லை எண்ணுங்கள்: கிரவுனில் 41, பினியனில் 6 இருந்தால்தான் உங்களுடையது 6.83.