எக்ஸிக்கு ஒரு ஹாரி கிடைத்தார், மற்றவர்களுக்கு?

கேள்வி: முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்காக எடுத்த படம் எதாவது உங்களைத் தீவிரமாக யோசிக்க வைத்திருக்கிறதா?

உண்டு. மேத்யூ வான் இயக்கிய 'கிங்ஸ்மேன்: தி சீக்ரெட் சர்வீஸ்'. தையல் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உளவு அமைப்பு, குண்டு துளைக்காத குடை, மதுக்கடைக் கதவை நிதானமாகத் தாழிட்டுவிட்டு கோலின் ஃபெர்த் போடும் அந்தச் சண்டை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத படம்.

அதில் சில நொடிகளே வரும் ஒரு இடம் மனதில் தங்கிவிட்டது. மலிவான உயர்கல்வி ஏன் வேண்டும் என்று என்னை யோசிக்க வைத்தது அதுதான். நாயகன் எக்ஸி லண்டனில் ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்த பையன். கெட்டிக்காரன், ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவன், கடற்படை வீரர் பயிற்சியைப் பாதியில் விட்டவன். உளவாளித் தேர்வுக்கு வந்ததும் கூட இருக்கும் பணக்காரப் பையன்கள் கேட்பது, "ஆக்ஸ்போர்டா, கேம்பிரிட்ஜா?" இரண்டும் இல்லை என்றதும் அடுத்தடுத்த பல்கலைக்கழகப் பெயர்கள். கடைசியில், நீ பர்கர் கடையில் எனக்குப் பரிமாறியவன்தானே என்கிற கேலி.

சரி, எக்ஸி உள்ளே வந்தது எப்படி? அவன் அப்பா, கோலின் ஃபெர்த் நடிக்கும் உளவாளியான ஹாரியின் உயிரைக் காப்பாற்றித் தன் உயிரை விட்டவர். அந்த நன்றிக்கடனுக்காக ஹாரி அவனைக் கைதூக்கி விடுகிறார். அப்படி ஓர் அப்பா இல்லாத பையன், அதே குடியிருப்பில் அடுத்த வீட்டில் இருப்பவன், என்ன ஆனான்? படம் அதைச் சொல்லாது, சொல்லவும் தேவையில்லை. எனக்கு அந்தப் பையன் நினைப்புதான்.

நிஜ உளவுத்துறையிலும் நெடுங்காலம் இதே கதைதான். 1940-இல் கிம் ஃபில்பி பிரிட்டிஷ் உளவுத்துறையில் சேர்ந்தபோது, கேம்பிரிட்ஜில் படித்தவர், நல்ல குடும்பம், எனக்குத் தெரியும் என்று மூத்த அதிகாரி ஒருவர் சொன்னதே போதுமானதாக இருந்தது. ஃபில்பி அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சோவியத்தின் ஆள்.

அதே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாமி ஃபிளவர்ஸ் என்று ஒருவர் இருந்தார். கிழக்கு லண்டனில் கொத்தனாரின் மகன். பகலில் தொழில் பழகுநராக வேலை, இரவில் லண்டன் பல்கலைக்கழக மாலை வகுப்பு. அப்படித்தான் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அப்புறம் தபால் துறையில் தொலைபேசி ஆராய்ச்சி. ஹிட்லரின் தலைமையகம் தளபதிகளுக்கு அனுப்பிய ரகசியச் செய்திகளை உடைக்க, சுமார் 1,600 வால்வுகள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மின்னணுக் கண்ணாடிக் குழல்கள்) வைத்து ஓர் எந்திரம் கட்டலாம் என்று சொன்னவர் அவர். அத்தனை வால்வு போட்டால் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும் என்று பலர் நம்பவில்லை. வால்வு பெரும்பாலும் பழுதாவது அணைத்து அணைத்துப் போடும்போதுதான், அணைக்காமல் விட்டால் உழைக்கும் என்பது தொலைபேசி வேலையில் அவர் கண்டறிந்திருந்தது. 1944-இல் கொலோசஸ் என்ற அந்த எந்திரம் ஓடத் தொடங்கியது. மின்னணுக் கணினிகளின் முன்னோடிகளில் ஒன்று அது.

கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு எட்டுகிற தூரத்தில் அந்த மாலை வகுப்பு இருந்ததே, அதைத்தான் நான் மலிவான உயர்கல்வி என்கிறேன்.

பிரிட்டன் இதைப் புரிந்துகொண்டிருந்த நாடுதான். 1962 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பட்டம் படிக்கப் போனவர்களின் கட்டணத்தை உள்ளாட்சியே கட்டியது, வசதி குறைந்தவர்களுக்குச் செலவுக்கும் கொடுத்தது. 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை கட்டணம் வந்தது. 2006-இல் இங்கிலாந்தில் உச்சவரம்பு 3,000. 2012-இல் 9,000. எல்லையைத் தாண்டினால் ஸ்காட்லாந்து, அங்கே உள்ளூர் மாணவர்கள் இன்றும் கட்டணமில்லாமல் படிக்கிறார்கள். ஆக, இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

முன்பணம் கட்ட வேண்டாம், கடன் கிடைக்கும், சம்பாதிக்கும்போது அடைத்தால் போதும் என்பார்கள். உண்மைதான். ஆனால் 2016-இல் இங்கிலாந்தில் ஏழை மாணவர்களின் செலவுக்கான உதவித்தொகையும் கடனாக மாறியது. வீட்டிலிருந்து பணம் வராத பிள்ளைதான் அதிகம் கடன் வாங்க வேண்டும். அதனால் படித்து முடிக்கும்போது அதிகக் கடனோடு வெளியே வருவதும் அந்தப் பிள்ளைதான். இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. கடன்காரர் வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, 'பிறகு அடைத்துக்கொள்ளலாம்' என்பது ஆறுதலாக இருக்குமா?

எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. இங்கிலாந்தில் பகுதிநேர இளநிலைப் படிப்புகளில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 2010-க்கும் 2015-க்கும் இடையில் ஏறக்குறையப் பாதியானது. கட்டண உயர்வு அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ஃபிளவர்ஸ் மேலே வந்த வழியே அதுதான்.