பாலர் வகுப்பில் கைவைப்பது – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறேன். எச்-4 விசா என்பதால் வேலைக்குப் போக முடியாது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் பக்கத்திலுள்ள ஹெட் ஸ்டார்ட் என்ற, மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் பாலர் வகுப்பு மையத்துக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். பெரும்பாலும் மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் பிள்ளைகள், மூன்று நான்கு வயது. அங்கே டீச்சர்கள் இப்போதெல்லாம் பாடத்தைவிடப் பணம் வருமா வராதா என்பதைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

போன வாரம் நண்பர் வீட்டு விருந்தில் இதைச் சொல்லப்போக, ஒருவர் மடக்கிவிட்டார். "அரசாங்கமே ஆய்வு செய்து பார்த்துவிட்டதே, மூன்றாம் வகுப்புக்குள் இதில் படித்த பிள்ளைக்கும் படிக்காத பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லையாம். நம் வரிப்பணம் எதற்கு வீணாகப் போகவேண்டும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மையா? உண்மை என்றால் அந்தப் பணத்தை வெட்டுவதில் என்ன தவறு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மைதான். உங்கள் நண்பர் வாட்ஸாப்பில் வந்த எதையோ எடுத்துவிடவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் கேட்டு, அரசே நடத்திய ஆய்வு அது. 2002-இல் தொடங்கினார்கள். ஹெட் ஸ்டார்ட்டில் இடம் கேட்டு வந்த ஏறத்தாழ 5000 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இடம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆண்டு முடிவில் இடம் கிடைத்தவர்கள் மொழியிலும் எழுத்தறிமுகத்திலும் முன்னால் இருந்தார்கள். முதல் வகுப்பு முடிவதற்குள் அந்த முன்னிலை பெரும்பாலும் கரைந்துபோனது. 2012-இல் வந்த மூன்றாம் வகுப்பு அறிக்கையும் அதையேதான் சொன்னது. இடம் கிடைக்காதவர்களில் நிறையப் பேர் வேறு பாலர் பள்ளிகளில் சேர்ந்தார்கள், சிலர் இன்னொரு ஹெட் ஸ்டார்ட் மையத்திலேயே சேர்ந்துவிட்டார்கள். ஒப்பீடு அதனால் கொஞ்சம் கலங்கித்தான் போனது. இருந்தாலும் முடிவை ஒரேயடியாகத் தள்ளிவிட அது போதாது.

ஆனால் இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜனாதிபதி ஜான்சன் காலத்தில், 1965 கோடையில், எட்டு வாரத் திட்டமாக இது தொடங்கியது. நாலே வருடத்தில், 1969-இல், ஓர் அறிக்கை வந்தது: பலன் நிற்கவில்லை, மங்கிவிடுகிறது என்று. அன்றைக்கே கடையைக் கட்டியிருக்க வேண்டியது. கட்டவில்லை. அதனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு என்ன ஆனார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

பொருளாதார ஆய்வாளர் டேவிட் டெமிங் 2009-இல் செய்தது எனக்குப் பிடித்த ஆய்வு. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளில் ஹெட் ஸ்டார்ட் போனவரையும் போகாதவரையும் ஒப்பிட்டார். அதே அம்மா, அதே வீடு, அதே வறுமை. பள்ளிக்காலத்தில் தேர்வு மதிப்பெண்ணில் இருந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது, உங்கள் நண்பர் சொன்ன மாதிரியே. ஆனால் இளைஞர்களாகும்போது போனவர்கள் உயர்நிலைப் பள்ளியை முடிப்பதிலும், வேலையோ படிப்போ இல்லாமல் சும்மா இருக்காமல் இருப்பதிலும், உடல்நலத்திலும் முன்னால் இருந்தார்கள். 2021-இல் மார்த்தா பெய்லியும் சக ஆய்வாளர்களும் இன்னும் பெரிய தரவை எடுத்துக்கொண்டு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எப்போது ஹெட் ஸ்டார்ட் வந்தது என்று வைத்துப் பார்த்தார்கள். அதில் படித்தவர்களிடையே பள்ளி முடித்தவர்களும் கல்லூரி முடித்தவர்களும் அதிகமாக இருந்தார்கள்.

மதிப்பெண்ணில் காணாமல் போனது வாழ்க்கையில் எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு முழுமையான விளக்கம் யாரிடமும் கிடையாது. எனக்குத் தோன்றுவது இது: அந்த மையத்தில் நடப்பதில் மூன்றாம் வகுப்புத் தேர்வு அளக்கக்கூடியது ஒரு மூலைதான். நீங்களே பார்த்திருப்பீர்கள். பல் பரிசோதனை, கண், காது, தடுப்பூசி, சாப்பாடு, பெற்றோரோடு பேச ஓர் ஆள். 1965-இல் மிக ஏழ்மையான 300 கவுண்டிகளுக்கு மட்டும் விண்ணப்பம் எழுத அரசே ஆள் அனுப்பி உதவியது. அந்தப் பட்டியலில் மயிரிழையில் இடம்பெற்ற கவுண்டிகளையும் மயிரிழையில் தவறிய கவுண்டிகளையும் லுட்விக், மில்லர் என்ற இருவர் 2007-இல் ஒப்பிட்டார்கள். ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள், ஹெட் ஸ்டார்ட்டின் மருத்துவ உதவி தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் சாவது, உதவி பெற்ற கவுண்டிகளில் குறைந்திருந்தது. இதை எந்த வாசிப்புத் தேர்வில் அளப்பது?

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சிலர் உடனே நல்ல பலன் காட்டியதற்குப் பெயர்போன மிச்சிகனின் பெர்ரி பாலர் பள்ளியைக் கொண்டுவருவார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அது 123 குழந்தைகளை வைத்து அறுபதுகளில் நடந்த சின்னச் சோதனை, நல்ல ஆசிரியர்கள், வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பலனை அப்படியே நாடு முழுக்கப் பெருக்கிக் காட்டுவது சரியில்லை. டென்னசி மாநிலத்தின் பாலர் வகுப்புத் திட்டம் பற்றி 2022-இல் வந்த ஆய்வையும் மறைக்கக்கூடாது. அங்கே போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பாலர் வகுப்பு என்று பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் போதாது. அப்படியானால் பணத்தைக் குறைத்து, ஆசிரியரை ஓடவிட்டு, தரத்தைக் கெடுத்துவிட்டு, பிறகு பலன் இல்லை என்று இன்னும் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. வெட்டினால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, 2013-இல் நடந்திருக்கிறது. அந்த வருடம் மார்ச்சில் காங்கிரஸில் பட்ஜெட் பேரம் படியாமல் பல துறைகளுக்கும் தானாக வெட்டு விழுந்தது. ஹெட் ஸ்டார்ட்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் போனது. 57,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இடம் போனது. சில மையங்கள் வகுப்பு நாட்களைக் குறைத்தன, சில பஸ்ஸை நிறுத்தின. இண்டியானாவில் இரண்டு மையங்கள், ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல், பெயர்களைக் குலுக்கிப்போட்டு முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பின.

அதே வெட்டு விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் மீதும் விழுந்தது. அவர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியதும் ஏப்ரலில் விமானங்கள் தாமதமாயின. ஒரே வாரத்தில் காங்கிரஸ் கூடி, விதிவிலக்குச் சட்டம் போட்டு, மே முதல் தேதி ஜனாதிபதி கையெழுத்தும் ஆகிவிட்டது. ஹெட் ஸ்டார்ட்டுக்குப் பணம் திரும்பியது 2014 ஜனவரியில். நான்கு வயதுக் குழந்தைக்கு அதற்குள் ஒரு பள்ளியாண்டில் பாதி போயிருந்தது.

விமானத்தில் போகிறவர் அடுத்த வருடமும் போவார், அதற்கடுத்த வருடமும். மூன்று வயதுக் குழந்தையின் அம்மா இரண்டே வருடம்தான் இந்தத் திட்டத்தின் ஆள். அப்புறம் பிள்ளை கிண்டர்கார்டன் போய்விடும், அவருக்கு வேறு கவலை வந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முன்பு என்ன இருந்தது, என்ன போனது என்று தெரியாது. இடம் கிடைக்காதவருக்குத் தன்னிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டது என்பதே தெரியாது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதனால்தான் இதில் கைவைப்பது சுலபம். ஆய்வு முடிவெல்லாம் அதற்குப் பிறகு தேடி எடுத்துக்கொள்வது என்பது என் எண்ணம்.

வெட்டு என்ற பெயரும் எப்போதும் இருக்காது. 2025 ஏப்ரலில் ஹெட் ஸ்டார்ட்டுக்குப் பணமே ஒதுக்காத ஒரு வரைவு வெளியே கசிந்து கூச்சல் எழுந்தது. அதற்குப் பின் வந்த பட்ஜெட் யோசனையில் பழைய தொகையே இருந்தது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். வாடகையும் சம்பளமும் ஏறும்போது அதே தொகை என்றால் அதுவும் குறைப்புதான். திட்டத்தைக் கவனிக்கும் பத்து வட்டார அலுவலகங்களில் ஐந்தை அந்த ஏப்ரல் முதல் தேதியே மூடிவிட்டார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் பணத்தை நிறுத்திவைத்தது சட்டமீறல் என்று காங்கிரஸின் தணிக்கை அமைப்பு ஜூலையில் சொன்னது. மையம் நடத்துகிறவருக்கு நாலு வாரம் பணம் தாமதமானால் போதும், நல்ல டீச்சர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

நண்பரிடம் என்ன சொல்வது என்று கேட்டால், மூன்றாம் வகுப்பு ஆய்வை மறுக்காதீர்கள். டெமிங்கைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கமாட்டார், பரவாயில்லை.

உங்களுக்கு வேறு இரண்டு விஷயம் சொல்கிறேன். அங்கே வருகைத் தாளில் உங்கள் நேரத்தைத் தவறாமல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். திட்டச் செலவில் பொதுவாக 20 சதவீதத்தை மையம் மத்திய அரசுக்கு வெளியிலிருந்து திரட்டிக் காட்டவேண்டும், தன்னார்வலர் உழைப்பையும் டாலராக மதிப்பிட்டு அதில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் இரண்டு காலைகள் கணக்கில் பணம். இன்னொன்று, ஒவ்வொரு ஹெட் ஸ்டார்ட் அமைப்புக்கும் பட்ஜெட்டில் வாய் திறக்கும் உரிமையுள்ள கொள்கைக் குழு ஒன்று இருக்கவேண்டும் என்பது சட்டம். அதில் பெரும்பான்மை இப்போதைய பெற்றோர். ஆனால் சமூகப் பிரதிநிதிகள் என்ற வகையில் முன்னாள் பெற்றோரும் உட்காரலாம். உங்கள் மையத்தின் குழுவில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், பிள்ளை பெரிய பள்ளிக்குப் போன பிறகும் எப்போதாவது எட்டிப் பார்க்கிற அம்மா ஒருவர் எல்லா மையத்திலும் இருப்பார். அவரைச் சேர்க்க என்ன வழி என்று கேளுங்கள்.