கொழுந்து விலையும் உலக ஒழுங்கும்

அன்புள்ள ஐயா,

ஐ.நா.வும் உலக வர்த்தக அமைப்பும் விதி போட்டு நடத்துகிற உலக ஒழுங்கு குலைகிறது என்று கொஞ்ச நாளாகவே எழுதிவருகிறீர்கள். எனக்குக் கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்தை ஃபேக்டரிக்குப் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் என்ன விலை போடுவார்களோ என்று காத்திருக்கிற ஆள் நான். 2003இல் அமெரிக்கா ஈராக்கில் இறங்கியபோது ஐ.நா. என்ன கிழித்தது? காஸாவில் என்ன செய்தது? சட்டம் எல்லாம் இளைத்தவனுக்குத்தான். உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகுதான் நம் தேயிலை விழுந்தது என்று என் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒழுங்கு உடைந்தால் உடையட்டுமே, உங்களுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. மிச்சக் கால்வாசியில்தான் எனக்குத் தகராறு.

நியாயத்தைச் சொல்ல ஈராக் வரை போக வேண்டியதில்லை, இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியிருக்கிற கூடலூர் போதும். 1948 நவம்பர் 15 அன்று இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த மாதம் 10ஆம் தேதி பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15ஆம் பிரிவு, ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெற உரிமை உண்டு என்கிறது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு முடியும்வரை கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் வாஷிங்டனும் லண்டனும் மேஜையில் இல்லை, கொழும்பும் டெல்லியும்தான். மேற்கத்திய நாடுகள் விலகிக்கொண்டால் எளியவனுக்கு நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லைன் வீடு ஒன்றில் ஒரு பாட்டி தன் பாஸ்போர்ட்டை எனக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். கண்டியில் வாங்கியது. ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அட்டை நைந்து ஓரம் பிரிந்திருந்தாலும் உள்ளே பக்கங்கள் புதுசு மாதிரி இருந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது காட்டியதோடு அதற்கு வேலை முடிந்துவிட்டது.

சரி, உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். விலை விழுந்தது உண்மை. ஆனால் அவர் காட்டிய காரணம் முழுக் காரணமில்லை. உலக வர்த்தக அமைப்பு 1995இல் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில்தான் விலை சரிந்தது. இடையில் நல்ல விலை கிடைத்த வருஷங்களும் இருந்தன.

அதற்கு முந்திய கதை ஒன்று உண்டு. இந்தியத் தேயிலையைப் பெரிய அளவில் வாங்கியது சோவியத் யூனியன். ரூபாயிலேயே கணக்கு, டாலர் தேவையில்லை. தரத்தை ரொம்பக் கிளறமாட்டார்கள் என்று குன்னூரில் ஏலம் எடுத்த பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. நம் பெரியவர்கள் நல்ல காலம் என்று சொல்கிற அந்த வியாபாரம் நாம் பேசுகிற இந்த உலக ஒழுங்குக்கு வெளியே நடந்தது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு என்னோடு வாதாடலாம், நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிப் பழகியதால் கொழுந்தின் தரத்தைக் கவனிக்காமல் விட்டோம். அவர் போனபோது சந்தையில் நமக்குப் பேர் இல்லை. அது நாமே செய்துகொண்டது.

அப்புறம் இலங்கையோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சலுகை வரியில் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ தேயிலை வரலாம் என்றார்கள். மலையெல்லாம் கொதித்தது. ஆனால் இந்தியா அப்போதே வருஷம் 80 கோடி கிலோவுக்கு மேல் விளைவித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரைக் கோடியும் முழுசாக வந்திருந்தால்கூட நூற்றுக்கு இரண்டு கிலோ ஆகாது.

உலக வர்த்தக அமைப்பு நம்மை அடித்தது வேறு இடத்தில். இறக்குமதிக்கு நாம் போட்டிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்கா 1997இல் வழக்குப் போட்டது. 1999இல் இந்தியா தோற்றது. 2001 ஏப்ரல் 1 அன்று மிச்சக் கட்டுப்பாடுகளும் போயின. இதுவரைக்கும்தான் அன்று மேடையில் எல்லோரும் பேசினார்கள். ஆனால் தேயிலைக்கு 150 சதவீதம் வரை இறக்குமதி வரி போடலாம் என்று அதே அமைப்பிடம் இந்தியா முன்பே எழுதிக்கொடுத்திருந்தது. அந்த இடத்தைப் பயன்படுத்தி 2001 பட்ஜெட்டில் 35 சதவீத வரியை 70 ஆக்கினார்கள், அடுத்த வருஷம் 100. சட்டப்படி செய்ததால் யாரும் நம் மேல் வழக்குப் போட முடியவில்லை. எது வரைக்கும் போகலாம் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஏழை நாட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

பலசாலியும் அந்தச் சட்டத்தில் எப்போதாவது மாட்டியிருக்கிறான். நீங்கள் சொன்ன அதே 2003ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பாதுகாப்புச் சபையின் அனுமதி இல்லாமல் ஈராக்கில் புகுந்தார் புஷ். அதே புஷ் டிசம்பரில், முந்தின வருஷம் தான் போட்ட எஃகு வரியைத் திரும்பப் பெற்றார். உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டில் அமெரிக்கா தோற்றிருந்தது. பதிலுக்கு வரி போட ஐரோப்பா பட்டியலோடு தயாராக நின்றது, அதில் ஃப்ளோரிடா ஆரஞ்சும் உண்டு. தேர்தல் வருகிற நேரம், ஃப்ளோரிடா ஓட்டு புஷ்ஷுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. நியாய உணர்ச்சியில் அவர் பணியவில்லை, பயத்தில் பணிந்தார். எனக்கு அது போதும்.

அந்த மேல்முறையீட்டு அமைப்புக்கு 2019 டிசம்பரிலிருந்து போதிய ஆள் இல்லை. ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கை விசாரிக்க மூன்று பேராவது வேண்டும். புது நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்தது. ட்ரம்ப் தொடங்கியது என்று நினைப்பார்கள். ஒபாமா காலத்திலேயே உரசல் ஆரம்பித்துவிட்டது, பைடனும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் டெல்லியும் இதில் உத்தமர் இல்லை. சர்க்கரை மானிய வழக்கில் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலாவிடம் தோற்றதும், விசாரிக்க ஆளில்லாத அந்த இடத்தில் மேல்முறையீடு போட்டுவிட்டு வந்தது. தீர்ப்பு அமலுக்கு வராமல் தொங்கும், கரும்பு விவசாயிக்கு நிம்மதி. நாளைக்கு நாம் ஜெயித்த வழக்கில் எதிராளியும் இதையே செய்வான்.

இப்போது 2025ஐப் பாருங்கள். ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா முதலில் பரஸ்பர வரி என்று 25 சதவீதம் போட்டது, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. நவம்பரில் தேயிலை, காபி, மசாலாப் பொருள்களைப் அந்தப் பரஸ்பர வரியிலிருந்து எடுத்தார்கள். நாம் வழக்காடி வாங்கியதில்லை. அமெரிக்கக் கடைகளில் காபி விலை ஏறி அங்கே ஜனங்கள் முணுமுணுத்தார்கள், அதனால் நடந்தது. நீலகிரிக்கு அமெரிக்கச் சந்தை பெரிது இல்லை என்பதால் உங்கள் கொழுந்து விலையில் இது தெரிந்திருக்காது. ஆனால் திருப்பூர்க்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். பனியனுக்கு அந்த நவம்பர் சலுகையும் கிடைக்கவில்லை. எங்கே போய் முறையிடுவது என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் 2003இல் ஐரோப்பா போய் நின்ற அந்த இடத்தில் இன்று உட்கார்ந்து கேட்க யாரும் இல்லை.